இத்தாலிப் பார்சல் கடலூர்ப் பக்கம் வந்து 2,000 வருஷம் ஆச்சு! தெரியுமா?

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் அண்ணாமலை நகரிலோ ஒரு நடை போய்ப் பாருங்கள். பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்திலேயே பீட்சா அடுப்பு! ஃப்ரைட் ரைஸ் வாணலிக்குப் பக்கத்திலேயே ஒயிட் சாஸ் பாஸ்தா! பையன்கள் வண்டியை அணைக்காமலே பார்சல் வாங்கிக்கொண்டு பறக்கிறார்கள். நேற்று முளைத்த பழக்கம் என்றுதானே நினைக்கிறீர்கள்?

இல்லவே இல்லை! கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில், சுமார் 20 கிலோமீட்டரில், இத்தாலிச் சாப்பாட்டுச் சாமான் வந்து இறங்கிய துறை ஒன்று இருக்கிறது. எப்போது இறங்கியது? ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு!

அந்த இடம் எது தெரியுமா?

அரிக்கமேடு! அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் தென்னைக்கும் மாவுக்கும் நடுவே கிடக்கும் மேடு. 1945-ல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டினார். மண்ணுக்குள்ளிருந்து வந்தது தங்கமல்ல, வைரமல்ல. உடைந்த ஜாடி! இரண்டு பக்கமும் காது, கூம்பிய அடி. 'ஆம்போரா' என்று பெயர். ரோமானியர்களின் கணக்கில் ஓர் ஆம்போரா சுமார் 26 லிட்டர். நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனைவிடப் பெரியது!

அதற்குள் என்ன வந்தது? இங்கேதான் வாயைப் பிளக்க வேண்டும்! இத்தாலியின் நேப்பிள்ஸ் வட்டாரமான கம்பானியாவின் திராட்சை மது. அட்ரியாட்டிக் கடலோர இஸ்திரியாவின் ஆலிவ் எண்ணெய். ஸ்பெயின் பக்கத்திலிருந்து 'காரும்' என்ற மீன் சாறு. மது, எண்ணெய், ஊறவைத்த மீன்! இன்றைக்கு ரோமிலோ நியூயார்க்கிலோ ஓர் இத்தாலியப் பலசரக்குக் கடைக்குள் நுழைந்தால் முதல் அலமாரியில் இருப்பவையும் இவைதானே!

இன்னொன்று கேளுங்கள். கம்பானியாவில் வனைந்த ஜாடிகளின் மண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் பொடிப் பொடியாகக் கருப்பு மணல் மின்னும். அது எரிமலை மணல்! வெசூவியஸ் எரிமலையின் மண்! ஜாடி எந்த ஊரில் சுட்டது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பதே இப்படித்தான்.

சரி, சாப்பாடு வந்தது. தட்டு?

தட்டும் வந்தது! இத்தாலியில் டஸ்கனி மாகாணம். அங்கே அரெஸ்ஸோ என்று ஓர் ஊர். பளபளவென்று சிவப்பு மெருகேற்றிய கிண்ணமும் தட்டும் அந்த ஊர்ச் சிறப்பு. அதே சாமான் அரிக்கமேட்டில்! அதுவும் பட்டறை முத்திரையோடு! 'விபி', 'கமூரி' என்ற முத்திரைகளை வீலர் எடுத்துக் காட்டியபோது அரிக்கமேட்டுக்குக் காலக்கணக்கே கிடைத்துவிட்டது. ஏனென்றால் அந்தப் பட்டறைகள் எந்தக் காலத்தில் நடந்தன என்பது இத்தாலியில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஒரு தட்டின் அடியில் குத்திய முத்திரை தென்னிந்திய வரலாற்றுக்கே தேதி போட்டுக் கொடுத்தது, பார்த்தீர்களா! பிறகு 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டி இன்னும் பலவற்றை வெளிக்கொண்டு வந்தார்கள்.

'30 நிமிடத்தில் டெலிவரி' என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்து டெலிவரிக்கு எவ்வளவு நேரம் தெரியுமா?

ரோமானிய எழுத்தாளர் பிளினி நாள் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்! எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து நைல் நதியில் 12 நாள். அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டிச் செங்கடல் துறைமுகமான பெரெனிகேவுக்கு 12 நாள். பகலில் வெயில் கொளுத்தும் என்பதால் பெரும்பாலும் ராத்திரியில்தான் நடை! பிறகு கப்பலேறி அரேபிய முனைக்கு 30 நாள். அங்கிருந்து பருவக்காற்றைப் பிடித்து மேற்குக் கரை முசிறிக்கு 40 நாள். மொத்தம் 94 நாள்! இதில் இத்தாலியிலிருந்து அலெக்சாந்திரியா வந்த பயணம் சேரவில்லை. முசிறியைத் தாண்டி நம் கிழக்குக் கரைக்கு வந்ததும் சேரவில்லை!

அப்படி வந்த சரக்கைக் குடித்தது யார்? புறநானூற்றைப் புரட்டுங்கள். 56-ஆம் பாட்டு. நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடுகிறார். யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர், நல்ல கலத்தில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் வாங்கி மகிழ்ந்திரு என்று வாழ்த்துகிறார். சங்கப் பாட்டுக்குள்ளேயே வெளிநாட்டுச் சரக்கு!

இன்னும் நம்ப முடியவில்லையா? அந்தக் கம்பானியாவுக்கே போவோம்.

அங்கேதான் பாம்பேய் நகரம். கி.பி. 79-ல் வெசூவியஸ் வெடித்துச் சாம்பலில் புதைந்த ஊர். அந்த ஒரே ஊரில் சுமார் 80 பார்சல் கடைகள் இருந்தன என்கிறார்கள்! 'தெர்மோபோலியம்' என்று பெயர். தெருவைப் பார்த்த மேடை. மேடையில் வட்ட வட்டமாகக் குழி. குழிக்குள் பெரிய பானை. வருகிறவர் தெருவில் நின்றபடியே வாங்கிப் போகலாம். அப்படி ஒரு கடையை முழுசாகத் தோண்டி 2020 டிசம்பரில் உலகத்துக்குக் காட்டினார்கள். பானையில் என்ன மிச்சம் இருந்தது தெரியுமா? வாத்து எலும்பு, ஆடு, பன்றி, மீன், நத்தை! மேடையின் முகப்பில் சேவல், வாத்துப் படங்கள், சங்கிலியில் கட்டிய ஒரு நாய்! 2,000 வருஷம் சாம்பலுக்குள் கிடந்தும் வர்ணம் மங்கவில்லை!

அதே பாம்பேயில் 2023-ல் ஒரு சுவரோவியம் கிடைத்தது. வெள்ளித் தட்டில் வட்டமான ரொட்டி, மேலே பழங்கள், பக்கத்தில் மதுக் கோப்பை. "பீட்சாவின் பாட்டன்!" என்று உலகப் பத்திரிகைகள் குதித்தன. ஆனால் அதில் தக்காளி இல்லை! இருக்கவும் முடியாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பாம்பேயில் இன்னொரு பொருள் கிடைத்தது. 1938-ல். ஒரு சாண் உயரத்துக்கு மேல் தந்தப் பதுமை. கழுத்தில் ஆரம், கைநிறைய வளையல், இரண்டு பக்கமும் தோழிப் பெண்கள். சந்தேகமே இல்லை, நம் நாட்டுப் பெண்! இந்தியாவில் செதுக்கிய பதுமை பாம்பேயில் ஒரு வீட்டில் இருந்திருக்கிறது. இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கம்பானிய ஜாடி நம் மண்ணில், நம் நாட்டுப் பதுமை கம்பானிய மண்ணில்! எனக்கு இதை எத்தனை முறை படித்தாலும் புல்லரிக்கிறது.

மதுவும் எண்ணெயும் வந்தன. பதிலுக்கு என்ன போயிற்று?

மிளகு! தென்னாட்டு மிளகு! ஒரு ரோமானிய ராத்தல், அதாவது ஏறத்தாழ 327 கிராம், கருமிளகு 4 தெனாரியஸ் வெள்ளிக்காசு என்று பிளினி விலை எழுதியிருக்கிறார். அன்றைய ரோமானியப் படைவீரரின் சம்பளம் வருஷத்துக்கு 225 தெனாரியஸ். அப்படியானால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான மிளகுக்கு ஏறத்தாழ ஒரு வாரச் சம்பளம்! இன்னும் கேளுங்கள். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று புலம்பியவரும் இதே பிளினிதான்!

கி.பி. 92-ல் மன்னர் டொமிஷியன் ரோம் நகரில் மிளகுக்கென்றே தனிக் கிடங்கு கட்டினார். 408-ல் ரோமை முற்றுகையிட்ட விசிகாத் மன்னர் அலாரிக் கேட்ட பணயப் பட்டியல் தெரியுமா? 5,000 ராத்தல் தங்கம், 30,000 ராத்தல் வெள்ளி, அதோடு 3,000 ராத்தல் மிளகு! கிட்டத்தட்ட ஒரு டன்! பெரெனிகே துறைமுகத்துக் கோயிலைத் தோண்டியபோது இந்தியப் பானை ஒன்று கிடைத்தது. திறந்து பார்த்தால் ஏழரை கிலோ மிளகு, அப்படியே!

இன்றைய ரோமின் பெருமைக்குரிய பாஸ்தா எது தெரியுமா? 'காச்சியோ எ பேப்பே'. ஆட்டுப்பால் சீஸ், மிளகு, பாஸ்தா. அவ்வளவுதான்! வேறு மசாலா கிடையாது.

இப்போது சிதம்பரத்துக்கு வாருங்கள். நடராஜர் கோயில் நைவேத்தியம் சம்பா சாதம். அதில் என்ன? சாதம், மிளகு, சீரகம், நெய். அவ்வளவுதான்! மிளகாய் கிடையாது. மிளகும் சீரகமும் வறுத்துக் கொரகொரவென்று பொடித்து, உருக்கிய நெய்யில் சூடாகச் சாதத்தோடு பிசறுவார்கள். ரோமில் சீஸ் செய்யும் வேலையை இங்கே நெய் செய்கிறது. இரண்டு ஊரிலும் மிளகுதான் ராஜா!

தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் கொத்சு. இதைச் சொல்லாமல் நகர முடியாது. கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, புளிக்கரைசலில் வேகவைத்து மசிக்க வேண்டும். மல்லி, கடலைப்பருப்பு, மிளகாய் வறுத்து அரைத்த பொடி தூவினால் தெருக்கோடி வரை வாசம் போகும். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்போது இறக்க வேண்டும், ஒரு நிமிஷம் முன்னாலும் கூடாது! கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கி, புளிப்பேற்றி, மறுநாளுக்கும் வைத்துச் சாப்பிடும் பண்டம் சிசிலித் தீவிலும் இருக்கிறது தெரியுமா? 'கப்பொனாத்தா' என்று பெயர். புளிக்குப் பதில் அவர்களுக்கு வினிகர். இத்தாலியக் கடைகளில் பாட்டில் பாட்டிலாக விற்கிறது!

சிதம்பரத்தின் மிகப் புகழ்பெற்ற பார்சல் எது தெரியுமா?

இதைப் பக்தியோடு கேளுங்கள். சேந்தனார் விறகு விற்றுப் பிழைத்த அடியார். ஒரு நாள் அடைமழை. விறகு நனைந்து விற்கவில்லை. வீட்டில் அரிசி இல்லை, இருந்த மாவைக் களியாகக் கிளறினார். அப்போது ஓர் அடியார் வாசலில் வந்து நின்றார். களியை உண்டார். மிச்சத்தையும் அடுத்த வேளைக்கு என்று கட்டி வாங்கிக்கொண்டு போனார்! மறுநாள் காலை தீட்சிதர்கள் சந்நிதியைத் திறந்தால், உள்ளே களிச் சிதறல்! வந்தவர் யாரென்று சொல்லவும் வேண்டுமா? இன்றும் மார்கழித் திருவாதிரையில் வீட்டுக்கு வீடு களி! இத்தாலியின் வடக்கே இதேபோல் மாவைக் கிளறிக் கிளறிச் செய்யும் 'போலெந்தா' இருக்கிறது. இப்போது மக்காச்சோள மாவு. அதற்கு முன்னால் ரோமானியர் காலத்தில் கோதுமை, பார்லிக் களி!

தக்காளி விஷயம் பாக்கி இருக்கிறதே!

2,000 வருஷத்துக்கு முன்பு இத்தாலியில் தக்காளியே கிடையாது. தமிழ்நாட்டில் மிளகாயே கிடையாது! இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கடல் தாண்டி அந்தப் பக்கம் 1492-ல் இறங்கியவர் யார்? கொலம்பஸ். அவர் எந்த ஊர்க்காரர்? இத்தாலியின் ஜெனோவா! எதைத் தேடிப் புறப்பட்டார்? இந்தியாவையும் அதன் மசாலாவையும்! மிளகு நாட்டைத் தேடிப் போன இத்தாலிக்காரர் மிளகாய் நாட்டில் இறங்கினார். அந்த மிளகாய் பிறகு போர்த்துக்கீசியக் கப்பலில் நம்மிடம் வந்து, குழம்பையே சிவப்பாக்கிவிட்டது! இத்தாலிக்காரர்களுக்குத் தக்காளி கிடைத்தும் உடனே சாப்பிடவில்லை. நேப்பிள்ஸில் தக்காளிச் சாறு செய்முறை அச்சில் வந்ததே 1692-ல்தான்! நூறு வருஷத்துக்கு மேல் தயங்கியிருக்கிறார்கள்!

சரி, இன்றைய பார்சலைப் பிரிப்போமா?

சிதம்பரத்தில் ஒரு சின்னக் கடை. பெயர் வேண்டாம். "அண்ணா, காரம் தூக்கலா போடட்டுமா?" என்று பையன் கேட்டான். "போடுப்பா, ஆனா சீஸைக் குறைக்காதே" என்றேன். வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியைத் திறந்தால் மூடியின் உட்புறம் ஆவி முத்து முத்தாக நிற்கிறது. சீஸ் நூலாக இழுபடுகிறது. வெங்காயம், குடைமிளகாய், மக்காச்சோளம், அதன் மேல் கொஞ்சம் பச்சை மிளகாய்! பாஸ்தா டப்பாவில் வெள்ளைச் சாஸுக்குள் இஞ்சி பூண்டு வாசம்! நேப்பிள்ஸ்காரர் பார்த்தால் புருவம் தூக்கலாம். என்னைக் கேட்டால் பிரமாதம்! அந்த ஊர் மதுவை இந்த ஊர்ப் பொற்கிண்ணத்தில் குடித்தோம். அந்த ஊர் ரொட்டியில் இந்த ஊர் மிளகாய் ஏறினால் என்ன?

இத்தாலிச் சமையலில் இருக்கும் பலவற்றுக்கும் நம் பக்கத்திலேயே சொந்தம் உண்டு. தெரியுமா?

பீட்சா மேல் போடும் அந்த மணக்கும் பச்சை இலை, பேசில். எங்கோ இத்தாலி மலையில் விளைவது என்று நினைப்போம். நம் கொல்லையில் நிற்கும் திருநீற்றுப்பச்சிலைதான் அது! தாவரவியலில் ஒரே இனம்! அதன் விதைதான் சர்பத்தில் மிதக்கும் சப்ஜா! இத்தாலிக்காரர் இலையை அரைக்கிறார், நாம் விதையை ஊறவைக்கிறோம்.

இலையை அரைத்தால் 'பெஸ்தோ'. ஜெனோவாவின் சொத்து. அசல் முறையில் பைன் மரக் கொட்டை சேர்ப்பார்கள். அது யானை விலை. உலகின் பெரிய பாஸ்தா நிறுவனமான பாரில்லாவின் பெஸ்தோ பாட்டிலை எடுத்து, பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். முந்திரி! நம்ம பண்ருட்டியில் மலையாகக் குவிந்து கிடக்கும் முந்திரி! ஒரு பிடி திருநீற்றுப்பச்சிலை, பத்து முந்திரி, இரண்டு பல் பூண்டு, உப்பு, எண்ணெய். அம்மியில் ஒரு இழுப்பு இழுத்தால் பெஸ்தோ ரெடி!

பீட்சாவில் போடும் 'ஆஞ்சோவி' மீன்? அது நம்ம நெத்திலிக் குடும்பம்! இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையில் செத்தாரா என்ற மீனவக் கிராமம். அங்கே நெத்திலி வகை மீனை உப்போடு அடுக்கடுக்காக மரப்பீப்பாயில் வைத்து, மேலே கல் ஏற்றி, மாதக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். அடியில் துளை போட்டால் பொன்னிறச் சாறு சொட்டுச் சொட்டாக இறங்கும். ரோமானியரின் 'காரும்' சாற்றுக்கு வாரிசு! அரிக்கமேட்டுக்கு ஜாடியில் வந்ததே, அதன் வாரிசு! கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் நெத்திலி குவியும் காலையில் போய்ப் பாருங்கள். காராமணிக்குப்பம் சந்தையில் கருவாட்டுக் கூடைகள் முன்னால் நின்று பாருங்கள். உப்பும் வெயிலும் மீனை என்ன செய்கின்றன என்பதில் கடலூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை!

சீஸ்? அசல் மோட்சரெல்லா எருமைப்பாலில் செய்வது! கம்பானியாவின் எருமைகள்தான் அதற்குப் பேர் போனவை. உலகிலேயே எருமை அதிகம் உள்ள நாடு எது தெரியுமா? நாம்தான்! 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 10.98 கோடி! திரிந்த பாலை வெந்நீரில் போட்டுக் கையால் இழுத்து இழுத்து மடித்தால்தான் அந்த நூல் பதம் வரும். புதுச்சேரியைத் தாண்டி ஆரோவில்லுக்குப் போனால் மோட்சரெல்லா நம் மண்ணிலேயே தயாராகிறது. பெங்களூரில் இதைச் செய்கிறவர்கள் யார் தெரியுமா? துறவிகள்! ஃபிளாரன்ஸ் அருகே 11-ஆம் நூற்றாண்டில் தோன்றிய வல்லம்புரோசா மடத்தின் இந்தியக் கிளைத் துறவிகள். ஜெபம் ஒரு பக்கம், சீஸ் ஒரு பக்கம்!

பாஸ்தா? இத்தாலியில் 1967-லிருந்தே சட்டம் இருக்கிறது. காய்ந்த பாஸ்தாவை டியூரம் கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டும்! வெனிஸ் பக்கம் 'பிகோலி' என்று தடித்த நூல் பாஸ்தா. அதைப் பிழிய ஓர் உரல். மேலே கைப்பிடி, நடுவில் குழல், அடியில் ஓட்டை அச்சு. எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? நம் இடியாப்ப உரல்!

பார்மேசான் சீஸ் கதை தனி. ஒரு சக்கரம் சுமார் 40 கிலோ. அதற்குப் பால் எவ்வளவு? 500 லிட்டருக்கும் மேல்! குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். அதற்குள் பணத்துக்கு எங்கே போவார்கள்? சீஸையே வங்கியில் அடகு வைப்பார்கள்! கிரெதெம் என்ற இத்தாலிய வங்கி, லட்சக்கணக்கான சீஸ் சக்கரங்களைக் கிடங்கில் அடுக்கி வைத்துக் கடன் கொடுக்கிறது. நாம் நகையை வைக்கிறோம், அவர்கள் சீஸை வைக்கிறார்கள்!

இத்தாலிக்காரர் ஒருவர் நாம் சாப்பிடும் விதத்தைக் கண்கொட்டாமல் பார்த்து எழுதியிருக்கிறார், தெரியுமா?

வெனிஸ்காரர் மார்கோ போலோ! 1290-களில் நம் கரைக்கு வந்தார். இந்த ஊர் மக்கள் வலக்கையால் மட்டுமே உண்கிறார்கள், பாத்திரத்தில் உதடு படாமல் அண்ணாந்து நீர் ஊற்றிக் குடிக்கிறார்கள் என்று வியந்து பதிவு செய்திருக்கிறார். ஆனால் நேப்பிள்ஸில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் என்ன நடந்தது? தெருவோரம் பெரிய கொப்பரையில் பாஸ்தா வேகும். காசு கொடுத்தால் சீஸ் தூவித் தருவார்கள். வாங்கியவர் முள்கரண்டியைத் தேடுவாரா? கையால் அள்ளித் தலையை அண்ணாந்து வாய்க்குள் இறக்குவார்! வெளிநாட்டுப் பயணிகள் இதை வேடிக்கை பார்க்கவே போவார்களாம். பழைய புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன!

கடலூர் மாவட்டத்தில் ஓர் இத்தாலிக்காரர் வாழ்ந்து, கோயில் எழுப்பி, தமிழில் காப்பியமே எழுதினார். யார்? வீரமாமுனிவர்! 1680-ல் இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர். விருத்தாசலம் அருகே கோணான்குப்பத்துப் பெரியநாயகி மாதா கோயில் அவர் எழுப்பியது. 'தேம்பாவணி' 3,615 பாட்டு! இங்கே வந்தபின் அவர் இறைச்சியைத் தொடவில்லை. பிறந்த மாந்துவா வட்டாரம் எதற்குப் பேர் போனது தெரியுமா? பூசணிக்காயைப் பூரணமாக வைத்த பாஸ்தாவுக்கு! இங்கே அவர் சோறும் காய்கறியும் உண்டு, காவி கட்டி, சதுரகராதி தொகுத்தார்.

இன்னும் ஒரு மூச்சு பிடியுங்கள்!

நேப்பிள்ஸ் பீட்சா அடுப்பின் சூடு 430 டிகிரிக்கும் மேல். பீட்சா வேகும் நேரம் 60 முதல் 90 வினாடி! அந்தக் கைத்திறனுக்கு 2017-ல் யுனெஸ்கோ அங்கீகாரம்! மார்கரிட்டா பீட்சா இத்தாலி ராணியின் பெயரில் 1889-ல் பிறந்தது என்பது ஊரறிந்த கதை. ஆனால் அதற்கு 22 வருஷம் முன்பே, 1867 மே 23-ல், நம் வடலூரில் வள்ளலார் தருமச்சாலை அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். அது இன்னும் அணையவில்லை! பசித்து வந்தவருக்கெல்லாம் இலவசச் சோறு!

பீட்சாப் பெட்டி நடுவில் மூன்று கால் குட்டி பிளாஸ்டிக் மேசை நிற்குமே, மூடி சீஸில் ஒட்டாமல் தாங்குவதற்கு? அதற்கும் காப்புரிமை உண்டு! 1985-ல் கார்மெலா விதாலே என்ற நியூயார்க் பெண்மணி வாங்கினார். 2001-ல் பீட்சா விண்வெளி நிலையத்துக்கே போனது! 94 நாள் டெலிவரி எங்கே, இது எங்கே!

நம் பார்சல் கட்டும் கை மட்டும் என்ன சாமானியமா? சிதம்பரத்து மெஸ் வாசலில் நின்று பாருங்கள். பேப்பர் மேல் வாழையிலை, இலை மேல் சோறு, நாலு மடிப்பு, மேலே தொங்கும் நூற்கண்டிலிருந்து ஒரு இழுப்பு, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, விரலால் சுண்டினால் நூல் அறுந்து பார்சல் தயார்! நம் ஆட்கள் கட்டித் தூக்கும் கலையை எதுவரை கொண்டுபோனார்கள் தெரியுமா? எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்ற பழைய ரோமானியத் துறைமுகம். அங்கே ஒரு ஜாடித் துண்டு கிடைத்தது. அதில் தமிழ் எழுத்து! 2,000 வருஷத்துக்கு முந்தைய தமிழ்ப் பிராமி! கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார்: 'பானை ஒறி'. அதாவது பானையைத் தொங்கவிடும் உறி! இத்தாலிச் சரக்கு வந்த அதே கடல் வழியில், நம் ஆள் ஒருவர் தன் உறிப்பானையில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்!

இவ்வளவையும் படித்துவிட்டுச் சும்மா இருக்கலாமா? கடலூரில் புதுச்சேரி பஸ் ஏறி அரியாங்குப்பத்தில் இறங்கி, அரிக்கமேட்டு மண்ணை மிதித்துவிட்டு வாருங்கள். அங்கே கிடைத்த ஆம்போராத் துண்டுகளையும் மணிகளையும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அந்த ஜாடியின் உடைந்த காதைப் பார்த்து "இதுல என்னப்பா வந்துச்சு?" என்று கேட்காத பிள்ளை இருக்குமா?